வேலிக்கு உள்ளே அழும் பிள்ளைகள்: ‘ஷார்ட் டேர்ம் 12’ படத்தைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சட்டை போடாத ஒரு சிறுவன் கத்திக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து பாய்ந்து வருகிறான். வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த பணியாளர்கள் கதையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடுகிறார்கள். வெளிக் கேட்டை அவன் தாண்டுவதற்குள் பிடித்தாக வேண்டும். தாண்டிவிட்டால் அவன்மேல் யாரும் கைவைக்க முடியாது. பின்னாலேயே நடந்து போகலாம், பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அவனைப் பிடித்து, அணைத்து, தரையில் அமர்த்தி, மூச்சு அடங்கும் வரை காத்திருக்கிறார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து கதை தொடர்கிறது.

2013-இல் வெளிவந்த அமெரிக்கப் படமான ‘ஷார்ட் டேர்ம் 12’ ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் ஓடும். எழுதி இயக்கியவர் டெஸ்டின் டேனியல் க்ரெட்டன். முதல் முறை பார்ப்பவர்களில் பலர் இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள்: ‘நெகிழ வைத்தது’. நானும் முதல் முறை அதற்கு மேல் எதையும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் முறை பார்த்தபோதுதான், இந்தப் படம் அழ வைப்பதைவிட, அழும் ஒருவரை எப்படிக் கவனிப்பது என்பதில்தான் அதிக அக்கறை காட்டுகிறது என்று தெரிந்தது. அந்தக் கவனிப்புக்குப் புதியவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை முழுவதும் பேசப்படும் என்பதால், ஒரு முறை பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது. படத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொள்வது, தற்கொலை முயற்சி, குழந்தைகள் மீதான வன்முறை எல்லாம் வருகின்றன. இவை உங்களைப் பாதிக்கும் நிலையில் நீங்கள் இருந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். மனம் கனத்துவிட்டால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம்.

முதலில் இது எந்த மாதிரி வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் ‘இல்லம்’ என்றதும் அனாதை இல்லம்தான் நினைவுக்கு வரும். ‘காப்பகம்’ என்றாலும் கிட்டத்தட்ட அதே படம்தான். இந்தப் பழக்கத்தோடு உட்கார்ந்தால் படம் கோணலாகத் தெரியும். ஏனென்றால் இங்கே நாம் நெருங்கிப் பார்க்கும் பிள்ளைகளின் துயரத்துக்குக் காரணம் பெற்றவர்கள் இல்லாமல் போனது அல்ல, அவர்கள் இருந்த விதம். அடித்த அம்மா, அழைத்துப்போக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத அப்பா. ஒரு பிள்ளை பெற்றோரை வெறுத்துக்கொண்டே அவர்களுக்காக ஏங்குவதை அனாதை இல்லக் கதைகளில் நாம் அதிகம் பார்த்ததில்லை. இந்தப் படம் நடப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வீட்டின் தன்மை பெயரிலேயே இருக்கிறது: குறுகிய காலத் தங்கல். வேறு நிரந்தர ஏற்பாடு அமையும் வரை அரசு பிள்ளைகளை வைத்திருக்கும் இடம். ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது எண்ணம். ஆனால் அதையும் தாண்டித் தங்குபவர்கள் உண்டு. பதினெட்டு வயதை நெருங்கும் மார்கஸ் அப்படிப்பட்டவன். அவனுக்குப் பிறந்தநாள் என்றால் வெளியேறும் நாள். படம் எடுக்கப்பட்ட கலிபோர்னியாவில், 2012 முதல் கட்டம் கட்டமாக 21 வயது வரை அரசு ஆதரவு நீள வழி செய்யப்பட்டது. இத்தகைய குழு இல்லங்களுக்குப் பதிலாகக் குறுகிய காலச் சிகிச்சை இல்லங்கள் என்ற முறைக்கு மாறுவதற்கான சட்டம் அங்கே 2015-இல் நிறைவேறி, 2017-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஆகவே நீங்கள் பார்ப்பது, மாறிக்கொண்டிருந்த ஓர் ஏற்பாட்டின் ஒரு குறிப்பிட்ட காலம்.

க்ரெட்டன் இதை வெளியே நின்று எழுதவில்லை. கல்லூரி முடித்ததும் இப்படிப்பட்ட ஓர் இல்லத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். அந்த அனுபவத்திலிருந்து இதே பெயரில் முதலில் ஒரு குறும்படம் எடுத்தார். அது 2009-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு பெற்றது. குறும்படத்தில் மையப் பாத்திரம் ஓர் ஆண். முழுப்படமாக விரித்தபோது அந்த இடத்துக்கு கிரேஸ் என்ற பெண் பணியாளர் வந்தாள். குறும்படத்தில் நடித்தவர்களில் லகீத் ஸ்டான்ஃபீல்டு மட்டுமே பெரிய படத்திலும் இருக்கிறார். அவர்தான் மார்கஸ்.

‘பாவம்’ என்ற சொல்லை வெளியே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்

நேட் என்ற புதுப் பையன் முதல் நாள் வேலைக்கு வருகிறான். ரமி மாலிக் நடித்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, வசதி வாய்ப்பற்ற பிள்ளைகளோடு வேலை செய்ய எப்போதும் ஆசைப்பட்டேன் என்கிறான். நல்ல மனதோடுதான் சொல்கிறான். மார்கஸுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. யாரைச் சொல்கிறாய், அதற்கு என்ன அர்த்தம் என்று எகிறுகிறான்.

நேட் நம்முடைய ஆள். நாமும் அந்த வீட்டுக்குள் அவனைப் போலத்தான் நுழைகிறோம், ‘ஐயோ பாவம்’ என்ற முகத்தோடு. அந்த முகத்தைப் பிள்ளைகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தொடக்கத்திலேயே இயக்குநர் எச்சரித்துவிடுகிறார். எனவே முதல் முறை பார்க்கும்போது நேட்டைப் பின்தொடருங்கள். அவன் எங்கே நிற்கிறான், எப்போது கையைப் பிசைகிறான், எப்போது முதல் முறையாகப் பிள்ளைகள் பக்கத்தில் சும்மா உட்காருகிறான் என்று கவனியுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். நண்பர்கள் சிலரோடு இந்தப் படத்தைப் பார்த்த ஓர் இரவு, அந்த இல்லத்தில் தங்கும் ஜேடன் என்ற பெண்ணை வைத்துப் பேச்சைத் தொடங்க, ‘ஜேடனுக்கு என்ன பிரச்சினை?’ என்று கேட்டேன். கேள்வியே தவறு. அடுத்த ஒரு மணி நேரமும் ஆளுக்கொரு நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் திரையில் என்ன செய்தாள் என்று யாரும் பேசவில்லை. இப்போதெல்லாம் வேறு விதமாகக் கேட்கிறேன்: ‘ஜேடன் எதை, யாரிடம், எதன் வழியாகச் சொன்னாள்?’ இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் படத்தின் பாதி திறந்துவிடும்.

இரண்டாம் முறை: நேராகச் சொல்ல முடியாதது எதில் ஏறி வருகிறது?

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். மனக்காயம் பட்ட ஒரு பிள்ளை ‘எனக்கு இது நடந்தது’ என்று வாக்கியமாகச் சொல்வது அரிது. சொன்னால் என்ன ஆகும் என்ற பயம், யாரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற குற்ற உணர்வு, சொற்களே கிடைக்காத நிலை. அதனால் விஷயம் வேறொன்றின் முதுகில் ஏறி வருகிறது. கதையாக, பாட்டாக, கேக்கை வீசி எறிவதாக, சில சமயம் மொட்டைத் தலையாக.

ஜேடனின் ஆக்டோபஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கெய்ட்லின் டெவர் நடித்த ஜேடன், தான் எழுதி வரைந்த நோட்டை கிரேஸுக்குப் படித்துக் காட்டுகிறாள். கடலடியில் நீனா என்றொரு குட்டி ஆக்டோபஸ், கற்களையும் சிப்பிகளையும் வைத்து ஏதேதோ செய்துகொண்டு தனியாக, சந்தோஷமாக இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை சுறா வருகிறது. நண்பராகலாமா என்கிறது. அதற்கு விலை ஒரு கை. நீனாவுக்கு இதற்கு முன் நண்பர்களே இருந்ததில்லை. நட்பு என்றால் இப்படித்தான் போலும் என்று ஒன்றைக் கொடுக்கிறது. பகலெல்லாம் விளையாட்டு, இரவானால் சுறாவுக்குப் பசி. ஞாயிற்றுக்கிழமை மீதிக் கைகள் எல்லாமே வேண்டும் என்கிறது சுறா. ஏன் என்று நீனா கேட்டால், நண்பர்கள் இருப்பதே இதற்குத்தான் என்கிறது. தின்று முடித்த பின் அதற்குத் தனிமை தாளவில்லை. நீனாவை நினைத்து ஏங்குகிறது. வேறொரு நண்பரைத் தேடி நீந்திப் போகிறது.

கதை முடிந்ததும் ‘சுறா அப்பா, நீனா ஜேடன்’ என்று சமன்பாடு எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குள் இருக்கும் சிறிய விஷயங்களைப் பாருங்கள். பகலில் விளையாட்டு உண்மையாகவே நன்றாக இருந்தது. சுறா நல்ல தோழன்தான், இரவு வரை. துன்புறுத்தும் பெற்றோரோடு வாழும் பிள்ளையின் குழப்பமே இதுதான்: அடிக்கிற கையும் கொஞ்சுகிற கையும் ஒன்று. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதில். சொல்வது சுறா, ஆனால் அதைப் பலமுறை கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பது ஜேடன். கடைசியில், கதை சொல்பவள் சுறாவின் தனிமையையும் சொல்கிறாளே, அது எனக்கு மிக வலித்த இடம். தின்றவனுக்காகவும் இரங்குகிறாள். தன்னைக் காயப்படுத்தியவரின் மனநிலையைத் தன்னுடையதைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை அவள். அவர் முகம் எப்போது மாறும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்திருக்கிறாள்.

கிரேஸ் உடனே நேராகக் கேட்கிறாள், அப்பா உன்னைத் துன்புறுத்துகிறாரா என்று. ஜேடன் பதில் சொல்லவில்லை. கதை சொல்லத் துணிந்தவள் ‘ஆம்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லத் துணியவில்லை. கதையில் எதையும் மறுத்துவிடலாம், ‘அது வெறும் ஆக்டோபஸ்’ என்று சொல்லிவிடலாம். ஆம் என்றால் திரும்ப முடியாது.

மார்கஸ் இன்னும் குறைவாகப் பேசுகிறவன். பணியாளர் மேசன் தாளம் போட, தான் எழுதிய ராப் பாட்டை அவன் பாடிக் காட்டுகிறான். அம்மாவைப் பற்றிய பாட்டு. வசவும் ஆத்திரமும் நிறைந்தது. கேமரா அவசரமே இல்லாமல் அவன் முகத்தில் நிற்கிறது. பாடி முடித்ததும் மேசன் என்ன சொல்கிறான் என்பதைவிட என்ன சொல்லவில்லை என்று பாருங்கள். அறிவுரை இல்லை, ‘எல்லாம் சரியாகிவிடும்’ இல்லை. கேட்டதற்கு அடையாளமாக ஓரிரு சொற்கள் மட்டும்.

என்னைக் கேட்டால் படத்தின் மிகச் சிறந்த காட்சி அது அல்ல, தலை மழிக்கும் காட்சி. வெளியேறும் நாள் நெருங்க, மார்கஸ் தலையை மழிக்கச் சொல்கிறான். காரணம் கேட்டால் சொல்லத் தயக்கம். மழித்து முடித்ததும் அவன் கேட்பது ஒன்றே ஒன்று: தலையில் வீக்கம், தழும்பு ஏதாவது தெரிகிறதா? அம்மா அடித்த இடங்கள் வெளியே தெரியுமோ என்று பயந்திருக்கிறான். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அவன் உடைந்து அழுகிறான்.

அந்த அழுகைக்கு என்ன பொருள்? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். நிம்மதி இருக்கலாம். இத்தனை வலிக்கும் ஓர் அடையாளம்கூட மிஞ்சவில்லையே என்ற துக்கமும் இருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின் யாரோ தன் தலையைப் பூப்போலத் தொட்டுப் பார்த்தார்கள் என்பதுகூடப் போதுமான காரணம். நம் ஊரில் மொட்டை என்றால் நேர்த்திக்கடன், முடியை இறக்கிவைத்துப் புதிதாகத் தொடங்குவது. மார்கஸுக்கு அது பரிசோதனை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் பார்த்தால் காட்சி இன்னும் ஆழமாக இறங்கும்.

பார்த்துக்கொள்கிறவளையும் அதே கண்ணால் பாருங்கள்

ப்ரீ லார்சன் நடித்த கிரேஸ்தான் இந்தப் படத்தில் படிக்கக் கடினமான ஆள், ஏனென்றால் அவள் வேலையில் அவ்வளவு திறமைசாலி. சைக்கிளில் வருகிறாள், விதிகளைச் சொல்கிறாள், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கிறாள். நீங்கள் பெற்றோர் அல்ல, மனநல மருத்துவர் அல்ல, இவர்களுக்குப் பாதுகாப்பான சூழலை அமைத்துக் கொடுப்பதுதான் உங்கள் வேலை என்று நேட்டிடம் சொல்கிறாள். அவள் சொல்லும் விதிகள் ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். படம் முடிவதற்குள் அவற்றில் எத்தனையை அவளே மீறுகிறாள் என்று பிறகு பாருங்கள்.

அவள் கைகளையும் கவனியுங்கள். யோசனையில் இருக்கும்போதெல்லாம் விரல் நகத்தோரத்தைப் பிய்க்கிறாள். காதலன் மேசன் அன்போடு நெருங்கும் ஒரு தருணத்தில் திடீரென்று விலக்குகிறாள். கருவுற்றிருப்பது தெரிந்தும் மகிழ்ச்சியா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. சிறையிலிருக்கும் அப்பா விடுதலையாகப் போகிறார் என்ற செய்தி வந்ததும் தரை நழுவுகிறது. அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவள் அவள். அவர் அவளுக்குச் செய்ததையும், அதனால் சிறுவயதிலேயே ஒரு கருவைச் சுமக்க நேர்ந்ததையும் மிகத் தாமதமாகத்தான் சொல்கிறாள். அதையும் மேசனிடம் சொல்வதற்கு முன் ஜேடனிடம். ஆக்டோபஸ் கதையை மற்றவர்களுக்கு முன்பே அவள் புரிந்துகொண்டது படித்ததனால் அல்ல.

இங்கே மேசனையும் விட்டுவிடாதீர்கள். அவனும் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவன்தான். அவர்களுடைய மணநாள் விருந்தில் எழுந்து நின்று நன்றி சொல்கிறான். ஒரே வகைத் தொடக்கம், இருவேறு தடங்கள். நடுவில் ஒரு நல்ல வீடு கிடைத்ததும் கிடைக்காததும்தான் வேறுபாடு. வசனத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

பிறகு அந்தச் சண்டை. ஜேடனை அப்பா வந்து அழைத்துப் போய்விட்டார் என்று தெரிந்து கிரேஸ் மேலதிகாரி ஜாக்கின் அறைக்குப் போகிறாள். கண்ணீருக்குப் பொருள் சொல்வது உன் வேலை அல்ல, அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்ற வகையில் ஜாக் பேசுகிறார். கிரேஸ் கொதித்து, போகும்போது மேசைவிளக்கை அடித்து உடைக்கிறாள்.

ஜாக்கை வில்லன் என்று எழுதிவிடுவது எளிது. கொஞ்சம் பொறுங்கள். அவர் கேட்பது சான்று. ஒரு பிள்ளை ‘ஆம்’ என்று சொல்லாதபோது, ஒரு கதைநோட்டை வைத்து அப்பாவிடமிருந்து அவளைப் பிரிக்க முடியுமா என்பது உண்மையான கேள்வி. மறுபக்கம், நாள் முழுவதும் கூடவே இருப்பவர்கள் இந்தப் பணியாளர்கள். இரவில் அறைக்கு வெளியே உட்காருகிறவர்கள், சாப்பாட்டை யார் தொடவில்லை என்று கவனிக்கிறவர்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பார்க்கும் நிபுணரிடம் அந்தக் கவனிப்பு எப்படிப் போய்ச் சேருகிறது? தொடக்கத்தில் பாய்ந்து வந்தானே, அந்தச் சாமி என்ற சிறுவனின் பொம்மைகளை எடுத்துவிடச் சொன்னது சிகிச்சையின் பெயரால். அதன்பின் அவன் படுக்கையை விட்டு எழாமல் கிடப்பதைப் பார்த்தது பணியாளர்கள். இந்த விரிசலைத்தான் படம் காட்டுகிறது என்று நினைக்கிறேன், ஜாக்கின் கெட்ட குணத்தை அல்ல. ஆனால் நிபுணர்கள் பக்கத்தை அநேகமாகத் திரைக்கு வெளியிலேயே வைத்துவிட்டுக் குறை சொல்வது அவர்களுக்கு நியாயமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேமரா, தொடுதல், வேலி

ஒளிப்பதிவு பிரெட் பாவ்லக். பெரும்பாலும் கேமரா தோளில், ஆட்களுக்கு மிக அருகில். லேசான அந்த நடுக்கம், நாமும் அறையில் இருக்கிறோம் என்று உணரவைக்கிறது. தொழில்நுட்பமாக இதற்கு மேல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தொடுதலை மட்டும் ஒரு முறை தனியாகப் பாருங்கள். இந்த வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் கைபடுவதற்கு விதி உண்டு. ஆத்திரத்தில் இருக்கும் பிள்ளையைப் பெரியவர்கள் சேர்ந்து பிடித்து அடக்குவதும் வேலையின் பகுதி. பார்க்கவே சங்கடமாக இருக்கும், இருக்க வேண்டும். பிறந்தநாள் அன்று அப்பா வராமல் போக, ஜேடன் வெடிக்கிறாள். பிடிக்கிறார்கள், அமைதியறையில் வைக்கிறார்கள். பிறகு கிரேஸ் தன் உடலில் இருக்கும் பழைய வெட்டுத் தழும்புகளைக் காட்டுகிறாள். ரத்தம் வரும்போது வேறு எதைப் பற்றியும் கவலைப்பட முடியாது என்ற பொருளில் பேசுகிறாள். பிடிப்பதும் காட்டுவதும் ஒரே நாளில் நடக்கின்றன. ஜேடன் கேட்டைத் தாண்டி நடக்கும்போது கிரேஸ் செய்வதைப் பாருங்கள்: தொட முடியாது, அதனால் கூடவே நடக்கிறாள். அப்பாவின் வீடு வரை போகிறாள். வீட்டில் யாருமில்லை. இருவரும் திரும்புகிறார்கள்.

படம் சறுக்கும் இடத்தையும் சொல்லத் தயங்காதீர்கள்

பிடித்த படத்தைக் குறை சொல்லக் கூடாது என்றில்லை. கிரேஸ் பேஸ்பால் மட்டையோடு ஜேடனின் அப்பா தூங்கும் அறைக்குள் போகிறாள். ஜேடன் வந்து தடுக்கிறாள். பிறகு இருவரும் சேர்ந்து அவருடைய காரை அடித்து நொறுக்குகிறார்கள். அரங்கில் கைதட்டல் வாங்கும் காட்சி. எனக்கு அது மட்டும் ஒட்டவில்லை. அதுவரை விதிகளுக்கும் இரக்கத்துக்கும் நடுவே இத்தனை பொறுமையாக நடந்த படம், இங்கே நமக்கு ஓர் எளிய ஆறுதலைக் கொடுத்துவிடுகிறது. நிஜத்தில் ஒரு பணியாளர் இப்படிச் செய்தால் வேலை போகும், வழக்கு வரும். அதைவிட மோசமாக, பிள்ளையின் சாட்சியமே பலவீனப்படும். பின்விளைவு எதையும் படம் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஜேடன் திரும்பி வந்து, நடந்ததைத் தன் வாயால் சொல்லச் சம்மதிக்கிறாளே, அந்த அமைதியான திருப்பம்தான் கார் கண்ணாடி உடைவதைவிடப் பெரியது. உங்களுக்கு மாறாகத் தோன்றினால் காரணத்தோடு வாதிடுங்கள். அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது.

ஜேடன், கிரேஸின் சிறுவயதுக் கண்ணாடியைப் போல அமைந்துவிட்டாள் என்பதும் நியாயமான குறை. மார்கஸ் அப்படி யாருக்கும் கண்ணாடி இல்லை. அதனாலோ என்னவோ அவன்தான் மனதில் அதிக நாள் தங்குகிறான். அவன் வளர்த்த மீன் செத்துப்போனதும், அதன் பிறகு கிரேஸ் அவனை ரத்தத்தில் கண்டெடுப்பதும் நடக்கும் பகுதியை எந்த விளக்கமும் தேடாமல் பாருங்கள். வெளியே போகப் பயந்த ஒரு பையன் அவன்.

கடைசிக் காட்சிக்கு முதல் காட்சியைப் பக்கத்தில் வையுங்கள்

கடைசியில் பணியாளர்கள் மறுபடி அதே வாசலில். மேசன் மறுபடி கதை சொல்கிறான். முதல் கதை, வயிறு கெட்டிருந்த ஒரு நாளில் ஓடிப்போன பையனைத் துரத்திய கதை. இப்போதைய கதை மார்கஸைப் பற்றியது. பிழைத்துக்கொண்டான், வெளியே போனான், மீன் காட்சியகத்தில் வேலை பார்க்கிறான், ஒரு பெண்ணோடு சந்தோஷமாக இருக்கிறான் என்கிறான் மேசன். இதை நாம் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்கிறோம். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவன் சொல்கிறான். அவர்களுக்கு அந்தக் கதை வேண்டியிருக்கிறது என்பதும் தெரிகிறது. உண்மை என்றே நான் நம்புகிறேன். ஆனால் செத்த மீனை மறக்காமல் மீன் காட்சியகம் என்ற சொல்லைக் கேளுங்கள்.

கதை முடியும் நேரம் பார்த்து கதவு திறக்கிறது. சாமி மறுபடி பாய்ந்து வருகிறான், அமெரிக்கக் கொடியைத் தோளில் கட்டிக்கொண்டு. எல்லோரும் எழுந்து ஓடுகிறார்கள், ஸ்லோ மோஷனில். முதல் காட்சியில் நேட் செய்வதறியாமல் நின்றான். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் பாருங்கள். கிரேஸின் முகத்தையும் பாருங்கள். அதே ஓட்டம், அதே கேட், பிடித்தாக வேண்டிய அதே தூரம்.